தமிழ் எழுத்துரு வரையக் கை பழக எத்தனை காலம் ஆகும்?

எழுத்துரு வரையப் பழக வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது காலக்கணக்குதான். “எத்தனை மாசம் ஆகும்ணே?” வேலைக்குப் போய்க்கொண்டு, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் சொந்த நேரமாக வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்பது நியாயம். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் கைக்கு வர மூன்று மாதம். ஒரு தலைப்பு எழுத்துருவை எல்லா எழுத்துகளோடும் வெளியில் கொடுக்கத் தகுந்தபடி முடிக்க ஒன்றரை, இரண்டு வருடம். பக்கம் பக்கமாகப் படித்தாலும் கண் அலுக்காத உரை எழுத்துரு என்றால் ஐந்து வருடத்துக்குக் குறையாது. தினமும் ஒரு மணி நேரமாவது உட்காருகிறவர்களுக்கான கணக்கு இது. என் அனுபவத்திலும், என்னோடு உட்கார்ந்து பழகிய சிலரைப் பார்த்ததிலும் எனக்குப் பிடிபட்டது.

மூன்று மாதம் எங்கே, ஐந்து வருடம் எங்கே என்று மலைக்க வேண்டாம். அந்த இடைவெளியில் காலம் எதில் போகிறது என்று தெரிந்துகொண்டால் சில இடங்களில் மிச்சம் பிடிக்கலாம். சில இடங்களில் எவ்வளவு அவசரப்பட்டாலும் முடியாது. அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கலையைப் பற்றிப் பேசினாலும் “பத்தாயிரம் மணி நேரம்” என்ற கணக்கை யாராவது எடுத்துவிடுவார்கள். அது உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் இன்னும் இருவரும் 1993ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வு. அவர்களில் தலைசிறந்தவர்கள் இருபது வயதுக்குள் தனியாக உட்கார்ந்து பழகிய நேரத்தின் சராசரி அந்த அளவுக்கு வந்தது. சராசரியாக வந்த ஓர் எண்ணை எல்லோரும் தாண்ட வேண்டிய கோடாக ஆக்கிவிட்டார்கள். எரிக்சன் அழுத்திச் சொன்ன விஷயம் வேறு. எந்தக் குறையைச் சரிசெய்ய உட்காருகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். எழுத்துரு வேலையில் சிக்கலே இந்த இரண்டாவதில்தான். வயலினில் சுருதி விலகினால் காது அந்த நொடியே சொல்லிவிடும். வளைவு விலகியதைக் கண் சொல்ல மாதக்கணக்கில் ஆகும். அந்தக் கண் பழகுவதற்குத்தான் ஐந்து வருடம்.

நான் சிவகாசியில் டிடிபி வேலையிலிருந்து வந்தவன். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, லேபிள், கட்சிப் போஸ்டர் என்று பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும் வருடக்கணக்கில் தமிழ் எழுத்துகளோடு கிடந்தேன். அதனால் எனக்கு ஒரு வசதி இருந்தது. எந்த எழுத்து போஸ்டரில் தூரத்திலிருந்து தெரியும், எது மங்கலான தாளில் மை கசிந்து அடைத்துக்கொள்ளும் என்பது ஓரளவு தெரியும். ஆனால் எழுத்தைப் பயன்படுத்தத் தெரிவதும் வரையத் தெரிவதும் வேறு வேறு வேலை என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது.

மென்பொருள் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மேக் கணினி வைத்திருப்பவர்கள் கிளிஃப்ஸ் என்ற எழுத்துரு மென்பொருளை வாங்கலாம். இல்லாதவர்களுக்கு ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம். எதுவானாலும் உள்ளே இருப்பது பெசியே வளைகோடுதான். ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியர் பெசியே 1960களில் கார் உடம்பின் வளைவுகளை வரையக் கையாண்ட முறை அது. புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து கைப்பிடியை இழுத்து வளைக்க வேண்டும். விதி எளிது: ஒரு வளைவு எங்கே மிக மேலே, மிகக் கீழே, மிக இடது, மிக வலது என்று திரும்புகிறதோ அங்கே மட்டும் புள்ளி. கைப்பிடிகள் நேர் படுக்கையாகவோ நேர் செங்குத்தாகவோ இருக்கட்டும். கையால் எழுதியதை ஸ்கேன் செய்து, மென்பொருளே கோடு பிடிக்கும்படி ஆட்டோ டிரேஸ் போட்டால் ஒரு சுழிக்கே புள்ளிகள் எறும்பு மொய்த்த மாதிரி விழும். அப்புறம் எந்தத் திருத்தமும் செய்ய முடியாது. ஸ்கேனை அடியில் வைத்துக்கொண்டு, மேலே நீங்களே புள்ளி வைத்து வரையுங்கள். ஆரம்பத்தில் வேகம் குறைவாகத் தெரியும். மூன்றாவது மாதத்தில் இதுவே வேகமான வழி என்று புரியும்.

எந்த எழுத்திலிருந்து தொடங்குவது? அ, ஆ என்று வரிசையாகப் போகாதீர்கள். அ-வில் சுழி, வளைவு, தண்டு எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது எட்டு எழுத்து: ட, ப, க, ச, ற, ன, வ, ல. கூடவே மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. இந்த எட்டில் நேர்த்தண்டு, படுக்கைக் கோடு, தலை வளைவு, சுழி, கீழே இறங்கும் வால் எல்லாமே வந்துவிடுகின்றன. அதைவிட முக்கியம், இவற்றை வைத்தே சொற்கள் அமைக்கலாம். பகல், கடல், கப்பல், சன்னல், பறக்க, வல்ல. தனி எழுத்தாக அழகாக நிற்பது சொல்லுக்குள் போனதும் பக்கத்து எழுத்தை இடிக்கும், இல்லையென்றால் தனியாகத் துருத்தும். அது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டால் நல்லது.

முதலில் கண்ணுக்குப் பிடிபடுவது உயரக் கணக்கு. க, ச, த மூன்றுக்கும் தலையில் படுக்கைக் கோடு. ற, ன, வ மூன்றுக்கும் தலையில் வளைவு. இரண்டு வகையையும் ஒரே உயரத்தில் நிறுத்தினால் வளைந்த தலை குட்டையாகத் தெரியும். அளவுகோல் சமம் என்று சொல்லும், கண் ஒப்புக்கொள்ளாது. எழுத்து நிற்கும் கட்டத்தின் உயரத்தை ஆயிரம் அலகாக வைத்துக்கொண்டால், வளைவைப் பத்துப் பதினைந்து அலகு மேலே தள்ளினால்தான் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்பதாகத் தோன்றும். இதைப் படித்ததும் புரிந்துவிடும். ஆனால் பத்தா, பதினைந்தா என்பது எழுத்தின் தடிப்பைப் பொறுத்தது, அச்சாகும் அளவைப் பொறுத்தது. அதைப் பார்த்தவுடன் சொல்ல எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அடுத்து மூணு சுழி ண. தமிழ் எழுத்துரு வரைகிறவர்களின் நேரத்தை அதிகம் சாப்பிடும் எழுத்துகளில் இது முன்வரிசை. ட-வில் இரண்டே கோடு. ண-வில் மூன்று சுழியும் அவற்றைத் தாண்டி வரும் வளைவும் அதே உயரத்துக்குள் அடங்க வேண்டும். எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் போட்டால் பத்தியில் ண வருகிற இடமெல்லாம் கறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும். ட-வின் தண்டு 90 அலகு என்றால் ண-வின் உள் கோடுகளை 80 பக்கம் இறக்க வேண்டியிருக்கும். அகலத்தையும் கூட்ட வேண்டும். ஆனால் அகலம் கூடிவிட்டால் ரெண்டு சுழி ன-வோடு இருக்கும் உறவு கெட்டுவிடும். ன ஒன்றும் ண ஒன்றும் வேறு வேறு எழுத்துருவிலிருந்து வந்தவை போல நிற்கும். தடித்த வடிவத்துக்குப் போனால் இன்னும் கஷ்டம். சுழிக்குள் இருக்கும் வெள்ளை மூடிக்கொள்ளும். அப்போது கோட்டைவிட வெள்ளையைத்தான் வரைய வேண்டும். சுழிக்குள் கிடக்கும் வெள்ளை, இரண்டு வளைவுக்கு நடுவே நிற்கும் வெள்ளை, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். ஒரு வாரம் முழுக்க ண மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவது வீண் வேலை இல்லை. ண அடங்கினால் ஞ, இ, ஐ மூன்றும் பாதி அடங்கின மாதிரி.

இந்த இடத்தில் எனக்கு வழி காட்டியவர் ஓர் அண்ணாச்சி. சாத்தூர்ப் பக்கம் கடை போர்டும் சுவரெழுத்தும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்தபிறகு அவருக்கு வேலை குறைந்துபோனது. கணினிப் பக்கமே வரமாட்டார். நான் வரைந்ததைப் பெரிய தாளில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். ஒருநாள் என் ழ-வைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தட்டைப் பிரஷைத் தண்ணீரில் நனைத்து, வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு ழ எழுதினார். நிதானமாக, கையைத் தூக்காமல்.

“தம்பி, வாலு எங்க கிளம்புதுன்னு பாருங்க. மேலருந்து வர்ற கோடு இங்க வரும்போது பிரஷ் திரும்புது. திரும்புற இடத்துல மெலியும், இறங்குற இடத்துல தடிக்கும். உங்க எழுத்துல கை எங்க திரும்புச்சு?”

அவர் எழுதியது வெயிலில் உலர்ந்துகொண்டே வர, நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிவும் தடிப்பும் அலங்காரத்துக்குச் சேர்ப்பவை இல்லை, கருவியின் நகர்விலிருந்து பிறப்பவை என்பது எந்தக் காணொளியிலும் எனக்கு அப்படி உறைத்ததில்லை. அதிலிருந்து என் பயிற்சி மாறிப்போனது. ஒரு மணி நேரத்தில் முதல் கால்மணி நேரம் தட்டைப் பிரஷும் தண்ணீரும் ஒரு சிலேட்டும்தான். அன்றைக்கு எந்த எழுத்தைத் திரையில் திருத்தப் போகிறேனோ அதை எழுதி எழுதிப் பார்ப்பேன். பிறகுதான் கணினி. நேரம் கூடுவது போலத் தோன்றும். உண்மையில் திரையில் சும்மா புள்ளியை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருக்கும் நேரம் பெரிய அளவில் குறைந்தது. காலத்தை மிச்சம் பிடிக்க ஒரே ஒரு வழி சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உகர, ஊகார வரிசை வரும்போது பலர் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தில், தமிழின் முதன்மைத் தொகுதியில் இருப்பது 72 குறிகள்தான். க ஒரு குறி, உகரக் குறி ஒன்று. ஆனால் இரண்டும் சேர்ந்தால் வருகிற கு தனி வடிவம். பதினெட்டு மெய்க்கும் உகரம், ஊகாரம் என்று 36 வடிவங்களைத் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். இதை 36 என்று பார்க்காமல் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சு, பு, யு, வு ஒரு குடும்பம்; வலத்தண்டு நேராகக் கீழே இறங்கும். து, நு, ணு, று ஒரு குடும்பம். கீழே போய் வலப்பக்கம் மேலேறும். மு, ரு, ழு, ளு வளைந்து சுழிக்கும். கு-வும் கூ-வும் தனி. ஒரு குடும்பத்தில் ஒன்றைச் சரியாக முடித்துவிட்டால் மற்றவை சில நாளில் வந்துவிடும். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் போராடினால் மாதக்கணக்கில் இழுக்கும், கடைசியில் ஒன்றுக்கொன்று ஒட்டாது.

இகர, ஈகாரக் கொக்கிக்கும் இதே கதைதான். ஒரே கொக்கியை வரைந்து எல்லா எழுத்துக்கும் ஒட்டினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். தி-யின் கொக்கியும் ணி-யின் கொக்கியும் ஒரே அகலத்தில் இருக்க முடியாது. டி, டீ இரண்டும் முழுக்கத் தனி வடிவம். ரி-யில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ர-வுக்கு அடியில் ஒரு சின்னக் கால் உண்டு, அதுதான் துணைக்காலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது. பழைய அச்செழுத்துகள் பலவற்றில் ரி, ரீ, ர் என்று வரும்போது அந்தக் கால் இருக்காது. பார்ப்பதற்குத் துணைக்கால் மேல் கொக்கி போட்டது போலவே இருக்கும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் துணைக்காலையே தட்டச்சிவிடுகிறார்கள். தேடினால் அந்தச் சொல் கிடைக்காமல் போகிறது. காலை வைப்பதா, எடுப்பதா என்பதை வரைகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் வைக்கிறேன்.

இந்த வடிவங்களையெல்லாம் சரியான இடத்தில் வரவழைக்கும் ஓப்பன்டைப் விதிகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. கெ என்று தட்டச்சும்போது க முதலில் பதிந்தாலும் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை ஹார்ஃப்பஸ் மாதிரி, எழுத்துகளைத் திரையில் கோத்து அமைக்கும் மென்பொருள்கள் பார்த்துக்கொள்ளும். கு, டி போன்ற மாற்று வடிவங்களுக்கான விதிகளை நாம் எழுத வேண்டும். ஒரு தடவை சுத்தமாக எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த எழுத்துருவுக்கும் அதுவே உதவும்.

எழுத்தெல்லாம் முடிந்தது, இனி வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் பெரிய வேலை தொடங்குகிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பது. என்னைக் கேட்டால் வரைவதற்குச் செலவான நேரத்துக்குச் சமமாக இதற்கும் ஒதுக்க வேண்டும். முதலில் பபபப என்று வரிசையாக அடித்து, ப-வின் உள்ளே இருக்கும் வெள்ளைக்கும் இரண்டு ப-வுக்கு நடுவே இருக்கும் வெள்ளைக்கும் பொருத்தம் பாருங்கள். அது நிலைத்ததும் நடுவில் ஒவ்வொரு எழுத்தாக நுழைத்துப் பாருங்கள்: பபடபப, பபறபப, பபலபப. பிறகு நீளமான சொற்கள். தமிழில் “ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது” மாதிரி ஒரு சொல்லே கால் வரியை அடைத்துக்கொள்ளும். ஓரெழுத்தில் இரண்டு அலகு அதிகமாக இருந்தாலும் அந்த நீளத்தில் சேர்ந்து சேர்ந்து சொல் உடைந்து தெரியும்.

இதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யவே முடியாது. பத்துப் புள்ளி (பாயின்ட்) அளவில், புத்தகத்தில் வருகிற மாதிரி, சாதாரணத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துப் படிக்க வேண்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பியும் பார்க்க வேண்டும். படிக்க முடியாதபோது கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், திட்டு எங்கே விழுகிறது என்று உடனே அகப்படும். அச்செடுத்ததை மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்துவிட்டு இரண்டு வாரம் அதைத் தொடாமல் வேறு எழுத்தைப் பாருங்கள். அப்புறம் திரும்பிப் பார்த்தால் அன்றைக்குத் தெரியாதது தெரியும்.

வரைகிறவரின் கண்ணை மட்டும் நம்புவதும் போதாது. எங்கள் ஊரில் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நாளெல்லாம் தமிழ் படிப்பவர். அவரிடம் என் எழுத்துருவில் அடித்த சில பக்கங்களைக் கொடுத்து, “பிழை பார்க்க வேண்டாங்க்கா, படிக்கும்போது கண்ணு எங்க நிக்குதோ அங்க பென்சில்ல ஒரு கோடு போடுங்க” என்றேன். கோடுகள் விழுந்த இடங்களைப் பார்த்தால் எல்லாம் சில எழுத்துகளைச் சுற்றியே இருந்தன. ளு, ஞ, அப்புறம் ரா வருகிற இடங்கள். “ரா வர்ற எடத்துல ரெண்டு துணைக்கால் நிக்கிற மாதிரி இருக்கு தம்பி. கண்ணு பின்னாடி போயிட்டுத் திரும்பி வருது” என்றார். ர-வின் காலைக் கொஞ்சம் நீட்டினேன், துணைக்காலைக் கொஞ்சம் ஒல்லியாக்கினேன். எழுத்துரு வல்லுநர் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்கள். நிறையப் படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். “நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே கண் நிற்கிறது என்று கேளுங்கள்.

மற்றவர்கள் செய்ததைத் திறந்து பார்க்கவும் இன்று தடையில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், காடமரான், முக்தா மலர், பவனம், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து, ண-வின் உள் கோட்டை எவ்வளவு மெலித்திருக்கிறார்கள், ழ-வின் வாலை எங்கே முடித்திருக்கிறார்கள் என்று அளந்து பார்க்கலாம். பழைய அச்சைப் பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. 1862ல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் அச்சான வின்சுலோவின் தமிழ்–ஆங்கில அகராதியின் ஒரு பக்கத்தை எடுத்து, அவ்வளவு சின்ன எழுத்தை எப்படித் தெளிவாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும் முன் வந்த நூல்களில் பழைய லை, ணை, ணா, றா வடிவங்கள் இருக்கும். அவற்றை இப்போது வரையத் தேவையில்லை என்றாலும், எழுதுகோல் எழுத்துக்கு எழுத்து எப்படி இணைந்து போனது என்பதை அவை நன்றாகக் காட்டும்.

நேரத்தைப் பிரிப்பது பற்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி நேரம் உட்காருவதைவிட, நாளுக்கு ஒரு மணி நேரம் ஆறு நாள் உட்காருவது பலன் தரும். மூன்றாவது மணி நேரத்துக்கு மேல் கண் சமாதானமாகிவிடுகிறது. எதைப் பார்த்தாலும் சரியாகவே தெரியும். நான் கடைக்குப் போகும் முன் காலையில் உட்காருவேன். ராத்திரி வேலை முடிந்த கண்ணோடு இடைவெளி விடும் வேலையைத் தொடவே மாட்டேன். ராத்திரிக்கு விதி எழுதுவது, கோப்புகளை ஒழுங்கு செய்வது.

இரண்டாவது வருடத்தின் நடுவில் ஒரு காலம் வரும். வரைந்த எதுவும் பிடிக்காது. ஆறு மாதத்துக்கு முன் திருப்தியாக இருந்த எழுத்தைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். என்னோடு தொடங்கியவர்களில் விட்டுப் போனவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் போனார்கள். நல்ல கை உள்ளவர்கள், எனக்கு இன்றும் வருத்தம். கை குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். கண் முன்னால் போய்விட்டது, கை பின்னால் வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்த மாதங்களில் புது எழுத்துரு தொடங்காமல், பழையதில் எது உறுத்துகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். “ம-வின் வலது வளைவு தடிமன்”, “நு-வின் ஏற்றம் உயரம் போதாது” என்று துல்லியமாக எழுத வேண்டும். “என்னவோ சரியில்லை” என்பது போன வருடக் குறிப்பாக இருந்து, இந்த வருடம் இடம் சுட்டி எழுத முடிகிறது என்றால் பயிற்சி நன்றாகப் போகிறது.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கு ஓராண்டு முதுகலைப் படிப்பு இருக்கிறது. அங்கே போய்ப் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் போங்கள், கூடவே உட்கார்ந்து திருத்திக் காட்ட ஆள் இருக்கும் ஓராண்டு பெரிய விஷயம். கிடைக்காவிட்டால் இந்த வாரம் சிலேட்டும் தட்டைப் பிரஷும் வாங்குங்கள், ஃபான்ட்ஃபோர்ஜை இறக்கிக்கொள்ளுங்கள், ட-வையும் ப-வையும் வரையுங்கள். அடுத்த வாரம் ற. எட்டும் முடிந்ததும் “கப்பல்” என்று அடித்து, பத்துப் புள்ளியில் அச்செடுத்து யாரிடமாவது படிக்கக் கொடுங்கள்.